தடைக்காலம் முடிந்த மறுநாள்

சிதம்பரத்தில் ஒரு ஓட்டலின் ஏசி ஹால். பேனரில் 'மாறும் உலகில் தொண்டு நிறுவனத் தலைமை' என்று எழுதியிருந்தது. இரண்டு நாள் பயிற்சி. பத்திரிகை வேலையை விட்டபின் இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு அறிக்கை எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு.

தேதியைப் பார்த்ததுமே எரிச்சல் வந்தது. மீன்பிடித் தடைக்காலம் இரண்டு மாதம் ஓடி முடிந்திருந்தது. அத்தனை நாளும் கரையில் வேலையில்லை. பயிற்சியை வைத்ததோ தடை முடிந்த மறுநாள், முதல் மீனோடு படகுகள் திரும்பும் நாள். வைத்த தொண்டு நிறுவனத்தார் கடலூர்க் கடற்கரையில் பல வருடம் வேலை செய்தவர்கள்.

அந்தக் கரையிலுள்ள தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார். மீன் விற்பவர். புயல் எச்சரிக்கை வந்தால் வீடு வீடாகப் போய் ஜனங்களைக் கிளப்பிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் பொறுப்பு அவருடையது. சான்றிதழ் இல்லாவிட்டால் அந்தப் பொறுப்பு இல்லை என்று நிறுவனம் சொல்லியிருந்தது. அதனால்தான் முதல் மீனை விட்டுவிட்டு வந்தார்.

மதியம், காகிதக் கப்புகளை அடுக்கிக் கோபுரம் கட்டச் சொன்னார் சென்னைப் பயிற்சியாளர். அக்காவின் போன் அடித்தது. கரையில் ஏலத்தின்போது வெளியூர் வியாபாரிகளோடு பெண்களுக்கு அடிதடி.

"மேடம், போய்ட்டு காலையில வந்துர்றேன்."

"தலைவர்னா பொறுப்பைப் பகிர்ந்து கொடுக்கணும்மா. வேற யாரையாவது அனுப்புங்க."

"யார அனுப்புறது, இந்தக் கப்பையா? ரெண்டு மாசம் சும்மா குந்திகினு இருந்தோம், அப்ப கூப்புட்டீங்களா?"

ஹால் சிரித்தது. அவருக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். அக்கா எழுந்து கரைக்குக் கிளம்பிப் போனார்.

மறுநாள் ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்தார். மாலையில் சான்றிதழ் கொடுக்கவில்லை. முந்தைய நாள் பிற்பகலுக்குக் கையெழுத்து இல்லையாம்.

'இடையில் வெளியேறியவர்: ஒருவர்' என்று அறிக்கையில் எழுதினேன். ஏன் வெளியேறினார் என்பதையும் எழுதியிருந்தேன். அந்தப் பத்தி வேண்டாம் என்றார்கள் நிறுவனத்தார். எடுத்துவிட்டேன். அவருடைய பொறுப்பு, இரண்டு நாளும் உட்கார்ந்திருந்த இன்னொருவருக்குப் போனது.

ஐப்பசியில் புயல் எச்சரிக்கை வந்த அன்று அக்காவுக்குப் போன் செய்தேன். புதுப் பொறுப்பாளர் வந்தாரா என்று கேட்டேன்.

"வாட்ஸ்அப்ல எச்சரிக்கைய அனுப்பிட்டாங்க, தம்பி. நீ எழுதுனதயும் ஆபீஸ்ல எனக்குப் படிச்சிக் காட்டுனாங்க. நா என்னா, சினிமா பாக்கவா எழுந்து போனேன்?"

கேட்ட கையோடு அவர் அங்கே யாரையோ அதட்டினார்: "மாமா, டிவிய அப்பறம் பாத்துக்கலாம், ஆயாவத் தூக்கிகினு கெளம்பு!"

போன் துண்டிக்கப்பட்டது.