ஈதரில் இறங்கிய கொயினா

நேற்று ஆஸ்பத்திரியில் என் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை எடுக்க நர்ஸ் ஈதரைத் தடவினாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. "வலிக்குதா தாத்தா?" என்றாள். வள்ளென்று விழுந்துவிட்டேன், பாவம்.

ஈதர் என்றால் எனக்குக் காரைக்குடி தர்ம ஆஸ்பத்திரிதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அங்கே கம்பவுண்டராக இருந்தேன். மழை விட்டதும் ஊருணிக் கொசுவும் வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சலும் வந்துவிடும். அதற்கு மருந்து, சிங்கோனாப் பட்டையிலிருந்து எடுக்கும் கொயினா; இப்போது குவினைன் என்கிறார்கள். அதைத் தண்ணீரில் கலந்து ஜாடி ஜாடியாக அனுப்பியவன் ஒரு மருந்துக் கம்பெனி ஏஜெண்டு. ஜவ்வாது மணக்க வருவான். இன்றைக்கும் ஜவ்வாது என்றால் எனக்குக் குமட்டும்.

கொத்தனார் கருப்பையாவின் மனைவி பொன்னாத்தா ஒரு வாரம் அந்த மருந்தைக் குடித்தும், ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் வந்துகொண்டே இருந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது. மருந்தில் கொஞ்சம் அளந்து, அமோனியா விட்டு, ஈதர் ஊற்றிக் குலுக்கினேன். கொயினா ஈதருக்குள் போய்விடும். மேலே நிற்கும் ஈதரைப் பிரித்து வெந்நீர்மேல் வைத்தால் அது பறந்துவிடும். கிண்ணத்தில் தங்கும் வெள்ளைப் பொடியை நிறுக்க வேண்டியதுதான். ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் ஒரே ஒரு டப்பா நல்ல கொயினா இருந்தது. அதைச் சரியான அளவில் கரைத்து இதே மாதிரி பிரித்தபோது கிடைத்ததில் கால்வாசிகூட ஜாடி மருந்தில் தேறவில்லை.

எங்கள் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். சேதி தெரிந்ததும் ஏஜெண்டு நேரே நோயாளிகள் வரிசைக்குப் போனான். "கம்பவுண்டரு நம்ம மருந்தப் பச்சத்தண்ணிங்குறாக. நீங்களே நாக்குல விட்டுச் சொல்லுங்க!"

எங்கள் ஜனங்களுக்குக் கசந்தால்தான் மருந்து. "ஆத்தாடி, எட்டிக்காயாக் கசக்குது!" என்றார்கள். கசக்காதா? நிலவேம்புக் கஷாயத்தை ஊற்றியிருந்தான், படுபாவி. டாக்டரும் அவன் பக்கம். "ஊரு நாக்கவிட ஒங்க தராசு பெரிசாக்கும்?" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. திரும்பத் திரும்ப நிறுத்தேன். பெரிய விஞ்ஞானி என்று நினைப்பு! ஜாடி மருந்தில் ஒரு சீசா சென்னைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினேன். நல்ல கொயினாவை, சாட்சிக்கு வேண்டுமென்று, அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பதினைந்து நாளில் பதில் வந்தது. நான் சொன்னதுதான் சரி. காகிதத்தை டாக்டர் மேஜையில் ஓங்கி வைத்தேன்.

வெளியே கருப்பையா நின்றார். பொன்னாத்தா முந்தாநாள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"நல்ல மருந்து ஒரு டப்பா ஒங்ககிட்டயே இருந்துச்சாமே? டாக்டரு சொன்னாக. அத அவளுக்குக் குடுத்திருக்கப்படாதாய்யா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. இன்று கேட்டாலும் இதுதான் உண்மை.

அந்த ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இப்போது வரிசையாகக் கடைகள். ஏஜெண்டு மாலை மரியாதையோடு செத்தான். அவனை நினைத்தால் வசவு இன்னும் வாயில் தயாராக இருக்கிறது. கருப்பையா அந்த வருஷமே பர்மாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். ஊரில் அவர் கட்டிய சுவர் ஒன்றும் மிச்சமில்லை. என்னை அந்தக் கேள்வி கேட்க இனி ஒருவரும் இல்லை.