விக்கிரவாண்டி வரைக்கும் ஒரு கைக்குட்டை

'ஆடி, திங்கள்கிழமை. காலைப் பாசஞ்சர் சரியான நேரம். விக்கிரவாண்டியில் நின்றது, புறப்பட்டது.'

என் பழைய நாட்குறிப்பில் உள்ள வரி இது. ரயிலின் தாமதங்களைக் குறித்து வைக்கும் பைத்தியம் எனக்கு அப்போதே உண்டு. தாமதமே இல்லாத நாளை எதற்கு எழுதினாய் என்று கேட்பீர்கள்.

போன வாரம் விழுப்புரத்தில் திண்டிவனத்துக்கு ரயில் ஏறினேன். சன்னலோரம் ஓர் இளைஞர்; பக்கத்து இருக்கையில் அவருடைய பை. "ஆள் வர்றாங்களா தம்பி?" என்றேன். காதில் ஏதோ பாட்டு; தலை நிமிரவில்லை. நின்றுகொண்டேன். யாரோ அவித்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள்; எங்கள் பக்கம் அது மல்லாட்டை. உப்பும் ஈரமும் கலந்த அந்த வாசனைக்கு என் கண் தானாக வாசல் பக்கம் போனது. விக்கிரவாண்டி வந்தது. அந்த இருக்கைக்கு யாரும் வரவில்லை. பை உட்கார்ந்தபடியே திண்டிவனம் வந்து சேர்ந்தது.

அவர்மேல் கோபப்பட எனக்கு அருகதை இல்லை. நானும் இடம் பிடித்தவன்தான். திண்டிவனத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், விழுப்புரத்தில் ரயில் வந்து நிற்பதற்குள் சன்னல் கம்பி வழியாகக் கைக்குட்டையை எறிந்துவிடுவேன். அந்த இடம் அக்காவுக்கு. அவளை விக்கிரவாண்டியில் கட்டிக்கொடுத்திருந்தோம். திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு அவளும் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். ஏறி உட்கார்ந்ததும் மடியில் மல்லாட்டையைப் பிரிப்பாள்.

"மாமியாரு காதுக்கு எட்டாத எடம் இது ஒண்ணுதான்டா" என்பாள். சில நாள் சிரித்துக்கொண்டு வருவாள். சில நாள் பேரணி ஸ்டேஷன் தாண்டும்வரை அழுவாள். நான் வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். அவளுக்கென்று இருந்தது அந்தப் பலகை இருக்கைதான்.

அதற்கும் தினமும் ஒரே எதிரி. முட்டி வலியோடு வரும் டிராக்டர் பட்டறைக்காரர் ஒருவர். பெயர் கேட்டுக்கொண்டதில்லை.

"வந்துட்டாருய்யா கர்ச்சீப்பு சாரு. ரயிலயே பத்திரம் பண்ணிக்கினாரு."

"அக்கா வர்றாங்க."

"வர்றவங்க வந்தா எழுந்துக்கறேன். அதுவரைக்கும் என் முட்டி இன்னா பாவம் பண்ணுச்சி?"

உட்கார்ந்துவிடுவார். அக்கா ஏறியதும் முனகியபடி எழுவார். "ஒக்காரும்மா. ஒன் தம்பியோட பெரிய பேஜாரா கீது." அவள் ஒரு கை மல்லாட்டையை அவர் கையில் போடுவாள். தின்றுகொண்டே என்னைத் திட்டுவார்.

ஆனிக் கடைசியில் அக்கா காய்ச்சலில் போய்விட்டாள்.

கருமாதி முடிந்து வேலைக்குக் கிளம்பிய அந்த ஆடித் திங்கள்கிழமை, கை தன்பாட்டுக்குக் கைக்குட்டையை எறிந்துவிட்டது. ஏறிய பிறகுதான் உறைத்தது. எடுக்கப் போனேன். முடியவில்லை.

பட்டறைக்காரர் வந்தார். கைக்குட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முண்டியம்பாக்கத்தில் ஏறிய ஒருவர் அங்கே உட்காரப் போனார்.

"ஆள் வர்றாங்க" என்றார் பட்டறைக்காரர்.

விக்கிரவாண்டியில் ரயில் நின்றது. நாங்கள் இருவரும் வாசலைப் பார்த்தோம். புறப்பட்டது.

"ஒக்காருங்க" என்றேன்.

"பரவால்ல தம்பி. நின்னுக்கினே வர்றேன்."

காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு திண்டிவனம் வரைக்கும் நின்றார். இறங்கும்போது கைக்குட்டையை எடுத்து, மடித்து, என் சட்டைப்பையில் வைத்தார். அவர் என்னைத் தம்பி என்றது அன்றுதான்.

பலகை இருக்கைகள் போய்விட்டன. அந்தச் சண்டையும் போய்விட்டது. இப்போது பையை வைத்தவரும் நிற்பவரும் ஒரு சொல் பேசாமல் ஊர் போய்ச் சேர்கிறோம். ஒருவர் வராமல் போனால் விசாரிக்க ஆளில்லை.

அக்கா இறந்ததை நான் ரயிலில் யாரிடமும் சொல்லவில்லை. பட்டறைக்காரருக்கு எப்படித் தெரிந்தது? விக்கிரவாண்டியில் ஏறுகிறவர்கள் சொல்லியிருக்கலாம். அல்லது நான் வராத நாள்களில் அவரே அந்த இடத்தை அவளுக்காகப் பிடித்துவைத்து, அவள் ஏறாததைப் பார்த்து, கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். இரண்டில் எது என்று இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.