இரவல் புத்தகமும் இருபத்தைந்து பிள்ளைகளும்

காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு ஆய்வாளர் என் வகுப்புக்குள் நுழைந்தார். புதிய பிள்ளைகள் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த தாளில், என் கையெழுத்தில், இருபத்தைந்து என்று இருந்தது.

அந்தத் தாளுக்குக் காரணம் ஒரு புத்தகம். உத்திரமேரூர் ஏரிக்குக் கீழே ஒரு சிற்றூரில், தலைமை ஆசிரியரும் நானும் மட்டுமே வேலை பார்த்த ஆரம்பப் பள்ளி அது. பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கிய புதிது. பிறரை இணங்க வைப்பது எப்படி, வேலையில் இலக்கு வைத்து அதை எட்டுவது எப்படி என்று சொல்லும் புத்தகம் ஒன்றைத் தலைமை ஆசிரியர் பட்டணத்தில் வாங்கி வந்தார். "படிச்சுப் பாருங்க டீச்சர், உங்களுக்குப் புரியும்" என்று என்னிடம் கொடுத்தார். கணவரை இழந்து, ஒரே மகளைப் பள்ளி இறுதி வகுப்புவரை கொண்டுவந்திருந்த எனக்கு, அதற்கு முன் யாரும் புத்தகம் கொடுத்ததில்லை.

பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில் படித்தேன். முதலில் சிறியதாகக் கேள், பெரியது பிறகு எளிதாகக் கிடைக்கும். கேட்பதற்கு முன் பாராட்டு. இலக்கை அவரவர் கையால் எழுத வைத்து, நாலு பேர் பார்க்கும் இடத்தில் ஒட்டு. எல்லாமே சரியென்று பட்டது. படிக்கும்போதெல்லாம், செய்கிறவள் நான் என்றே நினைத்துக்கொண்டேன். எதிரே உட்கார்ந்து இணங்கிப்போகிற ஒருத்தியும் அந்தப் பக்கங்களில் இருக்கிறாள் என்று தோன்றவே இல்லை.

"உங்க கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு டீச்சர், என் ரிஜிஸ்டரையும் எழுதிக் குடுங்களேன்" என்றார் தலைமை ஆசிரியர். எழுதினேன். பிறகு பிற்பகலில் அவர் வகுப்பையும் பார்த்துக்கொண்டேன். விஜயதசமிக்கு முன்னால், "இந்த வருசம் புதுசா எத்தினி பேர உக்கார வெப்பீங்க? நீங்களே ஒரு நம்பர் போடுங்க" என்றார். இருபத்தைந்து போட்டேன்.

"ஒரு பிடிமானம் வேணும் டீச்சர். தவறினா எந்த ஊருக்கு மாத்தினாலும் போறேன்னு சேத்துக்குங்க. சும்மா, நமக்குள்ளதானே."

மகளின் தேர்வு ஒரு கணம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டே அதே தாளில் எழுதிக் கையொப்பமிட்டேன்.

விஜயதசமியன்று இருபத்தாறு பேர் வந்து, நெல்லில் எழுதி, பொரி வாங்கிக்கொண்டு போனார்கள். மறுவாரம் மழை கொட்டியது. ஏரி நிரம்பி நடவு தொடங்கியதும், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அந்தப் பிள்ளைகளில் பலர் காலையில் வரப்பிலேயே நின்றுவிட்டார்கள். தேடிப் போனேன். நாற்றுக் கட்டோடு நின்ற ஒருத்தி என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"இன்னா டீச்சரம்மா, அல்லாரும் சேத்துல நின்னுக்கினு கீறோம், நீ சிலேட்டத் தூக்கினு வந்துட்ட? எறங்கி ரெண்டு மொனை நாத்து நடு. நான் போயி உக்காந்து ஆனா ஆவன்னா எய்தறேன்."

வயல் முழுக்கச் சிரிப்பு. "எம்புள்ள சோத்து மணிக்கு வந்துருவான், போ" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. பன்னிரண்டரைக்கு எல்லாரும் தட்டோடு வந்துவிடுவார்கள், மாலைவரை இருப்பார்கள். பள்ளி ஆய்வாளர் வரும் நாள் தெரிந்ததும், எத்தனை மணிக்கு வருவார் என்று தலைமை ஆசிரியரிடம் இரண்டு தடவை கேட்டேன். "சாப்பாட்டுக்கு அப்புறந்தான் வருவாரு டீச்சர், பயப்படாதீங்க" என்றார்.

காலையிலேயே வந்துவிட்ட ஆய்வாளர் சுவரிலிருந்த தாளைப் படித்தார்.

"நீங்க எழுதினதுதானே?"

"ஆமாங்க. மத்தியானம் வருவீங்கன்னு சார்தான்..."

"நான் எப்ப டீச்சர் அப்படிச் சொன்னேன்?" என்றார் தலைமை ஆசிரியர். குரலில் கோபம்கூட இல்லை.

பத்தாம் நாள் மாற்றல் உத்தரவு வந்தது. பாலாற்றுக்கு அந்தப் பக்கம், பஸ்ஸும் உயர்நிலைப் பள்ளியும் இல்லாத ஊர். தேர்வுக்கு நான்கு மாதம் இருந்தது. மகளைத் தனியே விட்டுப்போக மனம் வரவில்லை. அழைத்துப்போனால் அவள் படிப்பு அத்தோடு முடிந்தது. "நான் போயி சாரைக் கேக்கறேம்மா. அவரு நல்லவருன்னு நீதானே சொல்லுவ?" என்றாள்.

நான் பொறுப்பை ஒப்படைக்க வேண்டிய நாளன்று, டிரங்குப் பெட்டியோடு ஓர் இளம்பெண் மாட்டுவண்டியிலிருந்து இறங்கினாள். எனக்குப் பதிலாக வந்தவள். நேரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஹெட்மாஸ்டர் எங்க அக்கா வூட்டுக்காரரு. ரெண்டு வருசமா இந்த ஊருக்கு வரணும்னு அலைஞ்சிக்கினு கீறேன். எனக்காக நீங்களே எழுதிக் குடுத்துட்டுப் போறீங்கன்னு மாமா சொன்னாரு. இந்த மனசு யாருக்குக்கா வரும்?"