சுமைதாங்கியில் ஒரு பை

உரும்பிராய்த் திராட்சைத் தோட்டங்களையும் பழைய கோயில்களையும் பார்த்துக்கொண்டு பருத்தித்துறைக்கு நடந்துகொண்டிருந்தேன். ஒரு தோட்ட வேலியோரம் புதிதாகக் கட்டிய சுமைதாங்கி நின்றது. தோள்பையை அதன்மேல் இறக்கினேன். தோட்டக்காரர் கொடிகளுக்குள்ளிருந்து ஓடிவந்தார். ஏசப்போகிறார் என்று பையைத் தூக்கினேன்.

"தூக்காதேங்கோ அண்ணை, இருக்கட்டும்."

"ஆருக்குக் கட்டினது?"

"என்ரை மனுசிக்கு. பிள்ளை வயித்திலை இருக்கேக்கை தவறிட்டா. வழியாலை போறவை சுமை இறக்கினால் அவவின்ரை சுமையும் இறங்குமாம். இப்ப எல்லாரும் மோட்டார்சைக்கிளிலை பறக்கினம். நீங்கள்தான் முதல் ஆள்."

ஒரு குலை பழம் தந்தார். எனக்குப் பருத்தித்துறைக்குப் போய்ச் சேர எந்த அவசரமும் இருக்கவில்லை. வெயில் சாயும்வரை பை அங்கேயே இருந்தது. ஊர் ஊராகத் திரிந்ததில் ஒருவருக்கு உதவிய நாள் அது ஒன்றுதான்.