ஐந்தாம் படி வரை தண்ணீர்

இருபத்திரண்டு வருஷம் ஆற்றின் அளவைச் சரியாகச் சொல்லி வந்த ஆர்னல்ட் பீச்சி, ஒரு புதன்கிழமை காலை முதல் முறையாகப் பொய் அளவு சொன்னார். அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்க உலகத்திலேயே ஒருத்தியால்தான் முடியும். அவளிடமே போய்ச் சொன்னார் என்றால், மனிதருக்குப் பொய் சொல்லவே தெரியவில்லை என்றுதானே அர்த்தம்?

தேம்ஸ் ஆற்றில் படகுகளை ஏற்றி இறக்கும் மார்ஷெண்ட் லாக்கு அவர் பொறுப்பில் இருந்தது. இரண்டு ஜோடிக் கதவு, நடுவே கல் கட்டிய தொட்டி, பக்கத்தில் அணை, அணையில் ஒன்பது ஷட்டர், ஒரு வீடு, வீட்டுச் சுவரில் ஒரு போன். மேலிருந்து வரும் படகைத் தொட்டிக்குள் விட்டு, கதவைச் சாத்தி, தண்ணீரை வடித்து, எட்டடி கீழே இறக்கி அனுப்ப வேண்டும். கீழிருந்து வருவதை அதே மாதிரி ஏற்றிவிட வேண்டும். இதோடு, தினமும் காலை ஒன்பது மணிக்கு ஆற்றின் மட்டத்தைப் பார்த்துப் பக்கத்து லாக்குக்குச் சொல்ல வேண்டும். ஓர் அங்குலம் பிசகினால் யாருடைய தோட்டமாவது முங்கும், இல்லையென்றால் யாருடைய படகாவது தரை தட்டும். அதனால் அங்குல விஷயத்தில் பீச்சி படு கறார். மற்ற விஷயங்களில் வாயே திறக்க மாட்டார்.

மேலே நாலு மைல் தள்ளி காட்ஸ்லி லாக்கு. அங்கே ஈனிட் டர்வில். அவள் கணவர்தான் அங்கே லாக்குக்காரர். இரண்டாம் உலகச் சண்டை தொடங்கிய வருஷம் நெஞ்சடைத்துப் போய்விட்டார். ஆண்களெல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரம், லாக்குகளை நடத்தும் ஆற்று வாரியத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. தற்காலிகமாக என்று ஒரு வார்த்தையைப் போட்டு அவளையே பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்தத் தற்காலிகம் ஏழு வருஷம் ஓடியது.

ஏழு வருஷமும் காலை ஒன்பதுக்கு போன் அடித்தது.

"காட்ஸ்லி. கீழ்மட்டம் அஞ்சடி ரெண்டு. ரெண்டு ஷட்டர் திறந்திருக்கேன்."

"மார்ஷெண்ட். மேல்மட்டம் அஞ்சடி ரெண்டு. எழுதிக்கிட்டேன்."

"ஒண்ணாத்தானே இருக்கும் மிஸ்டர் பீச்சி? ஒரே தண்ணி. இந்த முனையில நான், அந்த முனையில நீங்க."

"ஆமாங்க."

இதுதான் பேச்சு. ஆனால் அவள் ஏழு மணிக்குத் திறந்துவிட்ட தண்ணீர் ஒன்பது மணிக்கு இவர் அணைக்கு வந்து சேரும். போனை வைத்ததும் பீச்சி அணைமேல் போய் நின்றுகொள்வார். அவள் கைபட்டு வந்த தண்ணீர் காலடியில் போகிறது என்ற நினைப்பே அவருக்கு அன்றைய பொழுதுக்குப் போதும். ஐம்பத்தொரு வயதில் ஒரு மனிதர் இப்படி நிற்பதைப் பார்த்து வாத்துகள்கூடச் சலித்துப்போயிருக்கும்.

இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. லாக்கை விட்டுவிட்டு நகரக் கூடாது, எந்நேரமும் படகு வரும். அவள் பிளம் ஜாம் அனுப்புவாள், இவர் வெங்காய நாற்று அனுப்புவார். தூக்கி வருவதும் போவதும் நிலக்கரிப் படகுக்காரன் ஹாப்குட்.

"பெருசு, உங்க ரெண்டு பேருக்கும் ஜாம் தூக்கியே என் இடுப்பு போச்சு. ஒரு நாள் நேர்ல போய்ப் பாக்கக் கூடாதா?"

"லாக்கை யாரு பாத்துப்பா?"

"அது என்ன எழுந்து ஓடியா போகுது?"

சண்டை முடிந்த அடுத்த மார்ச்சில் வாரியத்திலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவருக்கு காட்ஸ்லியைக் கொடுத்தாயிற்று, வீட்டைக் காலி செய்யவும். மார்ஷெண்டுக்கும் கீழே, ஆற்றங்கரை ஊரான ரெடிங்கில் அவளுடைய அக்கா இருந்தாள், நடக்க முடியாதவள். வியாழக்கிழமை ஹாப்குட்டின் காலிப் படகில் சாமான்களோடு அங்கே போவதாக ஏற்பாடு.

பீச்சிக்கு நாலு நாள் சோறு இறங்கவில்லை. போகாதே என்று சொல்ல வேண்டும். சொல்லத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அளவுதான். மட்டம் ஆறடி தாண்டினால் சிவப்புப் பலகை வைப்பார்கள், பலகை இருக்கும்வரை சரக்குப் படகு எதுவும் இறங்கக் கூடாது. புதன்கிழமை ஒன்பது மணிக்கு போன் அடித்தது.

"மார்ஷெண்ட்," என்றார் பீச்சி. "மேல்மட்டம் ஆறடி ஒண்ணு. சிவப்புப் பலகை வைக்கிறேன். நாளைக்குப் படகு எதுவும் இறங்க முடியாது."



"ஆறடி ஒண்ணா?"

"ஆறடி ஒண்ணு."

"இங்க அஞ்சடி ரெண்டு, மிஸ்டர் பீச்சி. மழையும் இல்ல, நான் ஒரு ஷட்டர்கூடத் தொடல. நடுவுல பதினோரு அங்குலம் எங்கேருந்து வந்துச்சு?"

பீச்சிக்குக் காது சுட்டது. அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் இன்னும் எழுதல," என்றாள் மெதுவாக. "பென்சில் கையிலதான் இருக்கு. ஏன்னு மட்டும் சொல்லுங்க."

இதைவிட அகலமாக ஒரு கதவை யாரும் யாருக்கும் திறந்து வைக்க முடியாது. பீச்சி வாயைத் திறந்தார்.

"அஞ்சடி ரெண்டு," என்றார். "தப்பாப் பாத்துட்டேன்."

"சரி," என்றாள் அவள். "எழுதிக்கிட்டேன்."

இந்த இடத்தில் மனிதரைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்கத் தோன்றும். உலுக்கத்தான் அங்கே ஆளில்லை.

வியாழக்கிழமை படகு வந்தது. கட்டில், இரண்டு நாற்காலி, ஒரு கடிகாரம், கூண்டில் நாலு கோழி, கணவரின் பழைய லாக்குக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஈனிட் டர்வில். பீச்சி கதவைச் சாத்தி, அதிலிருந்த ஷட்டரைப் பல்சக்கரத்தில் ஒரே ஒரு பல் அளவு மட்டும் தூக்கினார். எட்டு நிமிஷத்தில் வடிய வேண்டிய தண்ணீர் நூல் நூலாகப் போனது.

"நீங்க உயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்," என்றார்.

"போன்ல உயரமாத்தான் பேசுவேன்," என்றாள்.

"என்ன பெருசு, தண்ணியக் கரண்டியால மொண்டு ஊத்துறீரா?" என்று பின்னாலிருந்து ஹாப்குட் கத்தினான். பிறகு புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டு கோழிகளின் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

அவள் இறங்கிக்கொண்டே போனாள். முதலில் முகத்துக்கு முகம், பிறகு அவள் தொப்பி இவர் பூட்ஸ் உயரத்துக்கு, பிறகு அதுவும் கீழே. பீச்சி கல்லில் மண்டிபோட்டுக் குனிந்தார். அரை மணி நேரம் ஆகிவிட்டது. இனி வடிய ஒன்றும் பாக்கியில்லை.

"போகாதீங்க," என்றார்.

ஈரச் சுவர்களுக்கு நடுவிலிருந்து அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"இதை நேத்து ஒன்பது மணிக்குச் சொல்லியிருந்தா, அந்தப் பலகைய நானும் சேர்ந்து பிடிச்சிருப்பேன். உங்க போனை வச்சதுக்கு அப்புறம்தான் அக்காவுக்குத் தந்தி கொடுத்தேன். படுக்கையில இருக்கிறவ. வாசலப் பாத்துக்கிட்டிருப்பா."

பீச்சி எழுந்து, முதுகைக் கொடுத்துத் தள்ளிக் கதவைத் திறந்தார். அதுதானே வேலை.

மார்ஷெண்ட் தண்ணீர் ரெடிங் போய்ச் சேர ஒன்றரை நாள் ஆகும், தபால் அதற்கு முன்னால் போய்விடும். அந்த இலையுதிர் காலத்தில் ஆறு ஏறியபோது பீச்சி ஓர் அட்டை எழுதிப்போட்டார். 'வியாழன் மதியம் உங்கள் பக்கம் ஒன்றரை அடி ஏறும். நாற்காலியை உள்ளே எடுக்கவும்.' பதில் வந்தது. 'ஏறியது. எங்கள் தோட்டத்துப் படிக்கட்டில், கீழிருந்து எண்ணினால், மூன்றாம் படி வரை. நாற்காலி பத்திரம்.'

அதிலிருந்து வாரம் ஓர் அட்டை. முதல் படி, இரண்டாம் படி. மறு மார்ச்சில் ஊரையே மூழ்கடித்த பெருவெள்ளத்தில் ஐந்தாம் படி, அதாவது சமையலறை வாசல். பீச்சி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுத ஆசை. எழுதுவார், கிழிப்பார், மட்டத்தை எழுதிப் போடுவார். மூன்றாம் வருஷம் வசந்தத்தில் அக்கா போய்விட்டாள் என்று ஒரு வரி வந்தது. 'வருந்துகிறேன். ஆறு குறைகிறது' என்று பதில் போட்டுவிட்டு, தபால்காரர் போன பிறகு தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

அந்த ஆகஸ்டில் ஏழு வாரம் மழையில்லை. ஒன்பது ஷட்டரும் மூடிக் கிடந்தன. ஹாப்குட்டின் படகு சேற்றை உரசிக்கொண்டு வந்தது. வாத்துகள் நடந்து போயின. அப்போது ஓர் அட்டை வந்தது.

'நேற்று இங்கே ஐந்தாம் படி வரை தண்ணீர். ஈ. டர்வில்.'

பீச்சி வாசலில் நின்று படித்தார். பழக்கதோஷத்தில் கை பென்சிலைத் தேடியது. சொட்டுத் தண்ணீர் விடவில்லை, அங்கே எப்படி ஐந்தாம் படி? எங்கேயோ தப்பு, திருத்தி எழுதிக் கேட்க வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு, ஒரு புதன்கிழமை தான் கூட்டிச் சொன்ன பதினோரு அங்குலம் நினைவுக்கு வந்து, மெல்ல மெல்ல அவருக்குப் புரிந்தது. புரிந்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பத்து நிமிஷம் கழித்து எழுந்து வாரிய ஆபீசுக்கு போன் போட்டார். நாளைக்கு லாக்குக்கு மாற்று ஆள் வேண்டும், தனக்கு லீவு வேண்டும் என்றார். இருபத்தைந்து வருஷத்தில் முதல் லீவு. காரணம் என்ன என்று குமாஸ்தா கேட்டார்.

"வெள்ளம்."

"வெள்ளமா? எங்க?"

"ரெடிங்ல. அஞ்சாம் படி வரைக்கும் வந்துருச்சு."

"இந்த வறட்சியிலயா? மிஸ்டர் பீச்சி, அளவு தப்பா இருக்கப்போகுது. நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்," என்றார் பீச்சி. "அளவு சரியாத்தான் இருக்கு."