இழுக்குமா என்று கேட்டவர்கள்

பழுதான வாகனங்களை ஏற்றி இறக்கும் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: சிரித்த முகத்தோடு வரும் வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை, ஆலோசனை சொல்லாமல் போகிற வழிப்போக்கர் ஒருவரும் இல்லை. கார் ஏற்றுகிற ட்ரெயிலர் ஒன்றை இழுக்க எந்த வண்டி சரிவரும் என்று கல்லடிச் சந்தியில் ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். மீன் வாங்க வந்தவர் பதில் சொன்னார். மீன் விற்றவர் அதை மறுத்தார். வாழ்க்கையில் சைக்கிள்கூட ஓட்டாத தபாற்கந்தோர் ஐயா இரண்டு பேருக்கும் விளங்கப்படுத்தினார். நீங்களும் ஏதாவது ஒன்றைத் தெரிவு செய்யப் போய், நாலு பேர் சொல்லைக் கேட்டு நடுத்தெருவில் நின்றவர் என்றால், இப்படிப் பக்கத்தில் வந்து இருங்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை இல்லாத சீதனம்

சுனாமி என் கராஜைக் கொண்டுபோனது. கூரை, வெல்டிங் மிசின், திருத்த விட்டிருந்த இரண்டு கார்கள், எல்லாம் போயின. ஒரு மாதமாக மணலைக் கிளறிச் சாவிகள் பொறுக்கினேன். நானும் என் மனைவி பத்மாவும் உயிரோடு இருந்தோம். பக்கத்து வளவில் அப்படிச் சொல்லவும் ஆள் மிஞ்சவில்லை. அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதத் தொடங்கினால் பிறகு பகிடி வராது.

அடுத்த வருடம் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம், உப்புத்தண்ணீர் குடித்த வாகனங்களை மீட்பதற்கென்று ஒரு ட்ரெயிலரை அனுப்பியது. வெள்ளி நிறம், நாலு சில்லு, கார் ஏறுவதற்கு இரண்டு பலகை. எந்த நாட்டு மொழி என்றே தெரியாத ஒரு கைநூலும் கூட வந்தது. நிறுவனத்தின் வாகனம் பழுதானால் நான் ஏற்றிக் கொடுக்க வேண்டும், மற்ற நாட்களில் என் தொழிலைப் பார்க்கலாம் என்பது ஒப்பந்தம். மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். எல்லாம் முடிந்தபின், இதை எதால் இழுப்பது என்று கேட்டேன். திட்ட அலுவலர் ஜெயசீலன் கழுத்து அட்டையைத் தடவிக்கொண்டு, கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார்:

"அண்ணன், இழுக்கிற வாகனம் ரெண்டாம் கட்டத்தில வரும். முதலாம் கட்டத்துக்குப் பின்பக்கம் மட்டுந்தான்."

போடியாரின் மிசின்

இரண்டாம் கட்டம் வரவில்லை. பத்மா ட்ரெயிலரில் கருவாடு காயப்போடத் தொடங்கினாள். ஒரு தொழில்காரனுக்கு அதைவிட அவமானம் கிடையாது. அதனால், படுவான்கரையில் வயல் செய்கிற ஒரு போடியாரிடம் போய் அவருடைய உழவு மிசினைக் கேட்டேன். நெல் மூட்டைப் பெட்டியை வருடக்கணக்காக இழுக்கிற மிசின், ஒரு காரை இழுக்காதா என்று நினைத்தேன்.

முதற்சிக்கல் மூக்கில் வந்தது. மிசினின் பின்னால் இருப்பது ஊசி போட்டுக் கொளுவுகிற ஓட்டை. ட்ரெயிலரின் மூக்கிலோ கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு இரும்பு. அதற்குள் ஒரு இரும்பு உருண்டை போய் இருக்க வேண்டும். மட்டக்களப்பு முழுக்கத் தேடியும் உருண்டை கிடைக்கவில்லை. நான் வெல்டிங்கில் கெட்டிக்காரன். கிண்ணத்தின் மேலேயே ஒரு வளையத்தை ஒட்டினேன். ஒட்டும்போது அந்த மூக்கு முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் அசைந்தது. ஆடுகிற மூக்கு எனக்குப் பிடிக்காது. இரண்டு பக்கமும் கம்பி வைத்து, சட்டத்தோடு சேர்த்து அசையாமல் ஒட்டிவிட்டேன். பார்த்தவர்கள் எல்லாரும் என் கையைப் பாராட்டினார்கள்.

முதல் சவாரி, ஒரு பாடசாலை அதிபரின் கார். கார் தனியாகப் போவதில் அவருக்கு விருப்பமில்லை. சொல்லச் சொல்லக் கேளாமல் அதற்குள்ளேயே ஏறி இருந்துகொண்டார். காலையில் வயல் வட்டையில் புறப்பட்டு மத்தியானமும் பாதி வழியில்தான் நின்றோம். சைக்கிளில் போனவர்கள் எங்களை முந்திப்போய், கடைக்குப் போய்த் திரும்பியும் வந்தார்கள். கார் யன்னலுக்குள் அதிபரைப் பார்த்துத் தெருவோரம் இருந்த பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். அன்று பின்னேரம் மிசினைத் திருப்பிக் கொடுக்கும்போது, வேகம் போதாது என்று முறையிட்டேன். போடியார் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"தம்பி, எங்கட நெல்லு ஒருநாளும் இப்பிடிக் குறை சொன்னதில்ல."

வள்ளத்தை இழுத்த லொறி

இந்த இடத்தில்தான் புரோக்கர் நல்லதம்பி வந்து சேர்ந்தார். வாகனம் விற்பவர், வாங்குபவர் இரண்டு பேரையும் ஒரே மூச்சில் பாராட்டக்கூடிய மனிதர். அவர் கொண்டுவந்த லொறியின் எஞ்சின் சத்தத்துக்குப் பக்கத்து வேலியில் இருந்த காகமெல்லாம் எழும்பின. இழுக்குமா என்று கேட்டேன். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல, என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். கடல் தூக்கிக்கொண்டு வந்து ஒரு அரைச் சுவருக்குப் பக்கத்தில் போட்ட வள்ளம் ஒன்று, ஒரு வருடத்துக்கு மேலாக அங்கேயே மணலில் புதைந்து கிடந்தது. அதில் வடத்தைக் கட்டினார். லொறி உறுமியது. வள்ளம் அடிப்பலகை தெரிய எழும்பி வந்தது. சனம் கை தட்டியது. வள்ளக்காரர் லொறியின் மூஞ்சியைத் தொட்டுக் கும்பிட்டார்.

எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் போனது. என்றாலும் கராஜ்காரன் புத்தி சும்மா இருக்குமா? ஏறி ஒருதரம் ஓட்டிப் பார்த்தேன். பிரேக்கை மிதித்தால் லொறி யோசித்து யோசித்துத்தான் நின்றது. இறங்கி வந்து, பிரேக் கொஞ்சம் மெத்தனமாக இருக்கிறதே என்றேன். கூடி நின்றவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். கலியாண வீட்டில் போய் மாப்பிள்ளைக்கு என்ன நோய் என்று கேட்டவன் மாதிரி ஆகிவிட்டேன். நல்லதம்பி என் தோளில் கை போட்டுத் தனியே கூட்டிப்போய்ச் சொன்னார்:

"தம்பி, நீங்க வந்தது இழுக்கவா, நிப்பாட்டவா?"

எட்டுத் தேசிக்காய்

வாங்கிவிட்டேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

புது வண்டியை அமிர்தகழிக்குக் கொண்டுபோய் மாமாங்கேஸ்வரர் வாசலில் பூசை செய்வது எங்கள் வழக்கம். சில்லுக்குச் சில்லு தேசிக்காய் வைத்து நசித்துவிட்டுத்தான் தெருவில் இறக்குவோம். அங்கே ஒரு வழக்கு எழும்பியது. லொறிக்குத் தேசிக்காய் சரி, ட்ரெயிலருக்கும் வேண்டுமா? எஞ்சின் இல்லாதது வாகனமே இல்லை என்றது ஒரு கட்சி. சில்லு உள்ளதெல்லாம் வாகனம் என்றது மற்றக் கட்சி. தள்ளுவண்டியில் கச்சான் விற்றவர், அப்படியென்றால் எனக்கும் வையுங்கள் என்று வந்து நின்றார். கடைசியில் லொறிக்கு நாலு, ட்ரெயிலருக்கு நாலு என்று ஐயர் தீர்த்துவைத்தார். லொறியை மெதுவாக முன்னே எடுத்தேன். எட்டும் நசிந்தன. அதோடு நில்லாமல் லொறி இன்னும் நாலடி போய், தேங்காய் உடைக்கிற கல்லில் முட்டிக்கொண்டு நின்றது. ஐயர் ஒதுங்கி நின்று, திருநீற்றை என் கையில் தந்துவிட்டுச் சொன்னார்:

"சாமிக்குச் சொல்லியிருக்கிறன். நீங்க பிரேக் எண்ணெயையும் ஒருக்காப் பாருங்க."

பாலத்து இறக்கம்

பார்த்தேன். எண்ணெய் மாற்றினேன், பிரேக் கட்டைகளை மாற்றினேன். வெறும் லொறி ஒழுங்காக நின்றது. அது எனக்குப் போதுமாக இருந்தது. அந்த நாட்களில் தெருவில் நிற்கத் தெரிவது எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சண்டை திரும்பத் தொடங்கி, சந்திக்குச் சந்தி ஆமிக்காரரின் சென்றி, காவலரண். தாருப் பீப்பாய்க்குள் மண் நிரப்பி வைத்திருப்பார்கள். அதற்கு முன்னால் ஒரு வெள்ளைக் கோடு. கோட்டில் நின்றவன் வீட்டுக்குப் போவான். நிற்காதவனைப் பற்றி மறுநாள் மற்றவர்கள் கதைப்பார்கள்.

கதிரவெளியில் ஜெயசீலனின் கந்தோர் வாகனம், ஒரு டபுள் கெப், கியர்ப்பெட்டி உடைந்து கிடந்தது. சனம் ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம். நானும் அவரும் போய் ஏற்றினோம். வருகிற வழியில் ஒரு பாலம். அதன் இறக்கத்தில் சென்றி. பட்டப்பகல். தூரத்திலேயே பிரேக்கை மிதித்தேன். லொறி நிற்கத்தான் பார்த்தது. ஆனால் பின்னால் இருந்த டபுள் கெப்பும் ட்ரெயிலரும் நிற்பதாக இல்லை. இரண்டும் சேர்ந்து முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல எங்களைத் தள்ளின. கோடு வந்தது, போனது. ஒரு பீப்பாய் உருண்டது. ஆமிக்காரன் ஒருவன் துவக்கை என் முகத்துக்கு நேரே தூக்கினான். அவனுடைய விரல் எங்கே இருந்தது என்பதை இன்றைக்கும் என்னால் காட்ட முடியும். பத்மாவின் பெயரைச் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன் என்று ஜெயசீலன் பிறகு சொன்னார். அவர் மட்டும் என்ன, அனுமதிக் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

லொறி இரண்டாவது பீப்பாயில் முட்டி நின்றது. கைகளை உயர்த்தி இறங்கினோம். அந்த ஆமிக்காரனுக்கு இருபது வயதுகூட இராது. அவனுடைய முகமும் வியர்த்திருந்தது. லொறியைச் சுற்றி வந்தான். ட்ரெயிலரைப் பார்த்தான், அதன்மேல் இருந்த டபுள் கெப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். துவக்கை மெல்லத் தாழ்த்திக்கொண்டு, தெரிந்த தமிழில் கேட்டான்:

"ஐயா, இதில டிரைவர் யாரு? முன்னுக்கு வண்டியா, பின்னுக்கு வண்டியா?"

பத்மா படம் பார்த்தது

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். பத்மா அழவில்லை. அலுமாரியின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த ஒரு புத்தகத்தை இழுத்து எடுத்தாள். ட்ரெயிலரோடு வந்த அதே கைநூல். மொழி தெரியாதென்று நான் அதைத் திறந்தும் பார்க்கவில்லை. அவளுக்கும் மொழி தெரியாது. ஆனால் அதில் படம் இருந்தது. புத்தகத்தோடு முற்றத்துக்குப் போய், நான் ஒட்டிய மூக்கைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தாள். அது மலை மாதிரி நின்றது. என் வெல்டிங் அப்படி.

படத்தை நானும் பார்த்தேன். அந்த ட்ரெயிலருக்குச் சொந்தமாகப் பிரேக் இருந்தது. முன்னால் போகிற வண்டி வேகம் குறைந்தால், பின்னால் வருகிற பாரம் மூக்கை உள்ளே தள்ளும். மூக்கு உள்ளே போனால் ட்ரெயிலர் தன் சில்லுகளைத் தானே பிடித்து நிற்கும். அந்த மூக்கைத்தான் நான் கம்பி வைத்து அசையாமல் ஒட்டியிருந்தேன். இருபத்தைந்து வருடம் கராஜ் வைத்திருந்தவன். அன்றைக்கு அவன் சுட்டிருந்தால், பழி சுட்டவனுக்குப் பாதி, எனக்குப் பாதி. பத்மா கைநூலை என் மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஆடுற மூக்குப் பிடிக்காதெண்டு சொன்னீங்களே. மறுகா பழையபடி ஆட விட்டுட்டு வந்து சாப்பிடுங்க."

சுண்ணாம்புக் கோடு

கம்பியையும் வளையத்தையும் வெட்டி எடுத்தேன். கொழும்பிலிருந்து உருண்டையும் வரவழைத்தேன். ட்ரெயிலர் தன் பாட்டில் நிற்கப் பழகியது. ஆனால் பத்மா லொறியை நம்பத் தயாராக இல்லை. வேறு வண்டி பார்ப்பதென்றால் தன் முன்னாலேயே பார்க்க வேண்டும் என்றாள். நல்லதம்பியை அழைத்தோம். கல்லடிக் கடற்கரைத் தெருவில் பத்மா சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டாள். கோட்டுக்கு அந்தப் பக்கம், உதவி நிறுவனம் தந்த பிளாஸ்டிக் கதிரையை வைத்து அதில் இருந்துகொண்டாள். ஏற்றிய காரோடு ட்ரெயிலரைக் கொளுவி, வருகிற ஒவ்வொரு வண்டியும் கோட்டில் நிற்க வேண்டும். நான்தான் ஓட்ட வேண்டும். மனைவியை நோக்கி வண்டி ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அதற்குப் பிறகு எந்தச் சென்றியும் பெரிதாகத் தெரியாது.

பளபளவென்று ஒரு பிக்கப் வந்தது. எஞ்சின் நல்ல எஞ்சின்தான். ஆனால் வண்டி இலேசு. ட்ரெயிலர் அதை நாய்க்குட்டி மாதிரித் தள்ளிக்கொண்டு கோட்டைத் தாண்டியது. பத்மா கதிரையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினாள். அடுத்தது வள்ளம் இழுத்த நம்முடைய லொறி. அதுவும் கோட்டைத் தாண்டித்தான் நின்றது. மூன்றாவதாக ஒரு கட்டை மூக்கு லொறி வந்தது. பாரமான உடம்பு, சின்ன எஞ்சின், துருப்பிடித்த கதவு. அதைக் காட்டவே நல்லதம்பிக்கு மனமில்லை. அது வந்து, கோட்டுக்கு ஒரு முழம் முன்னால், பெருமூச்சு விட்டு நின்றது. பத்மா கதிரையை விட்டு எழும்பவேயில்லை. இதைத்தான் என்றாள். நல்லதம்பிக்குத் தாங்கவில்லை. தங்கச்சி, ஊரில ஒருத்தரும் நிக்கிறதப் பாத்து வண்டி வாங்கினதில்ல என்றார். அவள் கதிரையைத் தூக்கிக்கொண்டே சொன்னாள்:

"ஆம்புளையள் போறதப் பாத்து வாங்குவாங்க. நான் திரும்பி வாறதப் பாத்து வாங்குறன்."

இப்போது வருகிறவர்கள்

சண்டை முடிந்தது. பீப்பாய்களை உருட்டிக்கொண்டு போனார்கள். தெருக்கள் கறுப்பாக, அகலமாக வந்துவிட்டன. கட்டை மூக்கு லொறி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இப்போது வெளிநாட்டிலிருந்து இந்தத் தொழில் தொடங்க வருகிறவர்கள் ட்ரெயிலரையும் தாங்களே வாங்கி வருகிறார்கள். என்னிடம் ஆலோசனை மட்டும் கேட்கிறார்கள். எல்லாருக்கும் அதே முதற்கேள்விதான்: இழுக்குமா?

போன கிழமை சுவிசிலிருந்து வந்த ஒருவர் புது லொறி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். எஞ்சினைப் பற்றி அரை மணித்தியாலம் சொன்னார். நான் போய்ச் சுண்ணாம்பை எடுத்துவந்து தெருவில் கோடு போட்டேன். ட்ரெயிலரோடு வந்து இதில் நிப்பாட்டிக் காட்டுங்கள் என்றேன். அவர் கோட்டைப் பார்த்தார். பிறகு, ஏதோ நோயாளியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துச் சிரித்தார்:

"அண்ணன், இப்பதான் சென்றி எல்லாம் எடுத்திட்டாங்களே. இனி என்னத்துக்கு நிப்பாட்டோணும்?"

இழுக்கிற வண்டியை இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள், நிற்கிற வண்டியைக் கேட்கவேண்டும் என்ற புத்தி வருவதற்கு எனக்கு மட்டும் முகத்துக்கு நேரே ஒரு துவக்கும் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மனைவியும் தேவைப்பட்டார்கள்.