மூஞ்சி டீச்சர்

கேள்வியை வாசித்து முடித்த கையோடு விஜயராணி வகுப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கரும்பலகையை மூக்கு முட்டுகிற தூரத்தில் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார். "நான் பாக்கலப்பா. ஒங்க மூஞ்சிய நீங்களே பாத்துப் போடுங்க" என்று பலகையிடம் சொல்வார். பின்னால் பென்சில்கள் ஓடும். ஓடி அடங்கியதும் திரும்பி அடுத்த கேள்வி, மறுபடியும் பலகை. ஒரு பள்ளிக்கூடத்துக்கு இருபத்தைந்து கேள்வி என்றால் இருபத்தைந்து தடவை சுற்றுவார். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பினாலே வாந்தி எடுக்கிற மனுஷி, இதில் மட்டும் தலை சுற்றாமல் நிற்பது எப்படி என்று அவருக்கே தெரியாது.

மலைமேல் நாயுடுபுரத்துக்காரர், வயது நாற்பத்து மூன்று. கீழே சமவெளியில் ஒரு கல்லூரி, பள்ளிப் பிள்ளைகளின் மனநலம் பற்றி ஆராய்ச்சி நடத்துகிறது. அதற்காக மலைப் பள்ளிகளுக்குப் படிவம் கொண்டுபோய், பிள்ளைகளிடம் கேட்டு நிரப்பி வாங்கி வருவது இவர் வேலை. ஒவ்வொரு கேள்விக்கு நேராகவும் ஐந்து மூஞ்சிகள் அச்சடித்திருக்கும். முதல் மூஞ்சி வாய் நிறையச் சிரிக்கும். கடைசி மூஞ்சி அழும். தன் மனசுக்கு எது பொருந்துகிறதோ அதில் பிள்ளை டிக் அடிக்க வேண்டும். ஆடலூர் முதல் பூம்பாறை வரை இவருக்கு 'மூஞ்சி டீச்சர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. கடைத்தெருவில் ஏதாவது பிள்ளை அப்படிக் கூப்பிட்டால் கூட வந்த தாய்தான் வெலவெலத்துப் போவாள். இவர் சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பார்.

பையில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம், ஐம்பது பென்சில், ஐம்பது ரப்பர், ஒரு நீல ஃபைல். எலுமிச்சம்பழம் பஸ்ஸில் மோந்துகொள்ள. ரப்பரைத்தான் உயிராகப் பாதுகாப்பார். "மொதல்ல எல்லாப் பிள்ளையும் நமக்குப் பிடிச்ச மூஞ்சியத்தான் போடும். அழிச்சுட்டுப் போடுது பாருங்க, அதுதான் அதோட மனசுல உள்ளது" என்பார்.

கேள்வியில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்பது கல்லூரியின் சட்டம். இவரும் மாற்றுவதில்லை. "கடந்த இரு வாரங்களில் நீ மனச்சோர்வுக்கு ஆளானாயா?" என்று ரேடியோவில் செய்தி வாசிப்பது போல வாசிப்பார். பிள்ளைகள் திருதிருவென்று முழிக்கும். அதையே இன்னொரு தடவை, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற குரலில், மெதுவாக வாசிப்பார். கடைசி பெஞ்சுக்குக்கூட விளங்கிவிடும். குரலை மாற்றக் கூடாது என்று கல்லூரி எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒரு வருஷமாக நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது பூம்பாறைப் பக்கத்துப் பள்ளி ஒன்று. எந்தப் பள்ளியில் பிள்ளைகள் அதிகம் வாடிக் கிடக்கிறார்கள் என்று படிவங்களை வைத்துப் பார்த்து, வாரம் ஒரு நாள் அங்கே பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச ஓர் ஆலோசகரைக் கல்லூரி அனுப்பும். மலைக்கெல்லாம் சேர்த்து ஒரே ஓர் ஆலோசகர். இந்தப் பள்ளியில், பூண்டு எடுக்கும் நாளெல்லாம் விடியுமுன்பே தாய் தகப்பனோடு காட்டுக்குப் போய்விட்டு முதல் பீரியடில் தூங்கி விழுகிற பிள்ளைகள், போன வருஷம் ஒன்று பாக்கியில்லாமல் சிரித்த மூஞ்சியில் டிக் அடித்துவிட்டன. டவுன் பள்ளி ஒன்றின் பிள்ளைகளோ வீட்டுப்பாடம் அதிகம், அப்பா போன் தரமாட்டேன் என்கிறார் என்று தாராளமாக அழுத மூஞ்சி போட்டன. ஆலோசகர் டவுனுக்குப் போனார். "அதுகளுக்கும் வேணுந்தான், நான் இல்லைங்கல. இதுக என்ன பாவம் பண்ணுச்சு? சொல்லத் தெரியல, அம்புட்டுதான்" என்று விஜயராணி வருஷம் முழுக்கப் புலம்பினார்.

இந்த வருஷம் வெள்ளனே முதல் பஸ்ஸில் அதே பள்ளியில் போய் இறங்கினார். மறுநாள் படிவங்கள் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். தலைமையாசிரியர் ஹரிகிருஷ்ணன் நல்ல மனிதர். அச்சடித்த காகிதம் எதைக் கண்டாலும் இன்ஸ்பெக்‌ஷன் என்று நடுங்குகிறவர். முதல் கேள்வியை வாசித்து விஜயராணி பலகைப் பக்கம் திரும்பினார். நாற்பது பென்சிலும் ஒரே நேரத்தில் 'டக்' என்று தட்டி நின்றுவிட்டன. இருபத்தைந்து கேள்விக்கும் அதே 'டக்'. வாங்கிப் பார்த்தால் அத்தனையும் சிரிப்பு. ஆறாம் வகுப்பு முருகேஸ்வரி மட்டும் சிரித்த மூஞ்சியில் ஒழுங்காக டிக் அடித்துவிட்டு, அதன் கண்ணிலிருந்து ரெண்டு சொட்டு வரைந்து வைத்திருந்தாள்.

பிள்ளைகளை விளையாட விட்டதும் ஹரிகிருஷ்ணன் பெருமையாகச் சொன்னார்: "ஒரு வாரமா டிரில் மேடம். இடதுபக்கம் மொத மூஞ்சி, யோசிக்கவே கூடாதுன்னுட்டேன். போன வருஷமும் அப்படித்தான்."

விஜயராணி போன வருஷக் கதையைச் சொன்னார். ஹரிகிருஷ்ணனுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. கொஞ்ச நேரம் தாடையைத் தடவியவர், "அப்ப ஒண்ணு செய்வோம். வெரசா எல்லாத்தையும் உள்ள கூப்பிட்டு கடைசி மூஞ்சியப் போடச் சொல்லிருவோம். அரை மணி நேரம் டிரில் குடுத்தாப் போதும்" என்றார்.

விஜயராணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. படிவத்தில் அதற்கு மூஞ்சி கிடையாது. முருகேஸ்வரியின் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். "இதுக்கு என்ன டிரில் சார் குடுப்பீங்க?"

ஹரிகிருஷ்ணன் அந்த ரெண்டு சொட்டையும் பார்த்தார். "நெசத்தப் போட்டா பள்ளிக்கூடம் சரியில்லைம்பாங்க மேடம். எனக்குல்ல மெமோ வரும்."

"இது காலேஜுக்குப் போறது சார். மெமோ அடிக்கிற ஆபீசுக்கு இல்ல" என்ற விஜயராணி, ஃபைலிலிருந்து ஆசிரியர்களுக்கான படிவத்தை எடுத்து நீட்டினார். அதிலும் அதே ஐந்து மூஞ்சிகள். மூன்றே நிமிஷத்தில் ஹரிகிருஷ்ணன் எல்லாவற்றிலும் முதல் மூஞ்சியை அடித்துத் திருப்பி வைத்தார். விஜயராணி அதைக் கையில் வாங்கவில்லை. அதன்மேல் ஒரு ரப்பரை வைத்தார்.

"எனக்கு அந்தப் பக்கம் ஒரு சோலி கெடக்கு சார்" என்று சொல்லிவிட்டுச் சுவரில் மாட்டியிருந்த மாவட்ட வரைபடத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வத்தலகுண்டைக் கண்டுபிடித்தார், பழனியைக் கண்டுபிடித்தார், தண்டவாளத்தைக்கூட முழுசாகத் தொடர்ந்து போனார். அப்புறம் பின்னால் ரப்பர் தேய்க்க ஆரம்பித்தது. வெகுநேரம் தேய்த்தது.

திரும்பியபோது படிவம் நாலாக மடிந்திருந்தது. விஜயராணி பிரிக்காமல் ஃபைலில் வைத்தார். ஹரிகிருஷ்ணன் அவர் முகத்தைப் பார்க்காமல் எழுந்துபோய்த் தானே மணியை அடித்தார்.

"ஏலே, அவங்கவங்க தாள வாங்கிக்கோங்க. நான் சொன்ன மூஞ்சிய அழிச்சுருங்க. அந்த டிரில் கேன்சல்."

"அப்ப எதப் போடணும் சார்?" என்றாள் முருகேஸ்வரி.

ஹரிகிருஷ்ணன் ஒரு ரப்பரை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "எனக்குத் தெரியாதும்மா. ஒனக்குத்தான் தெரியும்."

விஜயராணி முதல் கேள்வியை வாசித்துவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பினார். ஹரிகிருஷ்ணனும் பக்கத்தில் வந்து பலகையைப் பார்த்து நின்றார். பின்னால் ரப்பர்கள் தேய்ந்தன, ஒன்று முன்னே, ஒன்று பின்னே. கொஞ்ச நேரத்தில் தலைமையாசிரியரின் கழுத்து தானாக மெல்லத் திரும்பத் தொடங்கியது. விஜயராணி பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் நீல ஃபைலைத் தூக்கி, அவர் கன்னத்தோரம் மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்.